சத்தமான சைலன்சர் மாட்டினால் ரோட்டில் நமக்குப் பாதுகாப்பா?

படப்பை ரோடு:

வணக்கம். ஒரு விஷயத்தில் குழம்பிப் போயிருக்கிறேன். பைக் ஓட்டுகிறவர்கள் மட்டுமில்லை, லாரி பஸ் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தாலும் பதில் சொல்லுங்கள்.

வீடு முடிச்சூர், வேலை ஒரகடம். தினமும் வாலாஜாபாத் ரோட்டில்தான் போய் வருகிறேன், வண்டி 350 சிசி புல்லட், மூன்று வருடம் ஆகிறது, கம்பெனியிலிருந்து வந்த சைலன்சரே இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கம்பெனி பஸ், கன்டெய்னர், ஜல்லி ஏற்றிய டிப்பர் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும். போன மாதம் காலை ஷிப்டுக்குப் போகும்போது படப்பை தாண்டி ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன், அதன் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஸ்டாப்பில் நின்ற ஆட்கள் கை காட்டியதும் பஸ் அப்படியே இடது பக்கம் ஒதுங்கிவிட்டது. எனக்குப் போக இடமில்லை, தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கினேன், முன்சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்தது. முழங்கையில் தோல் உரிந்தது, லெக் கார்டு வளைந்தது, வேறு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றை ஏதோ செய்கிறது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார், பாவம் அவருக்கும் கை நடுங்கியது. "சத்தியமா நீங்க வந்ததே தெரியல தம்பி, சத்தமே கேக்கல" என்றார்.

அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், சைலன்சரை மாற்று, சத்தம் இருந்தால் பஸ்காரனுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே தெரியும், சத்தம்தான் நமக்கு பாடிகார்டு என்று. நானும் புதுப்பேட்டைக்குப் போய் ஷார்ட் பாட்டில் என்கிற சத்தமான சைலன்சர் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். இரண்டு வாரமாகக் கவர் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மாட்டக் கை வரவில்லை. எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் வண்டியை எடுக்க வேண்டும், எதிர் வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஒரு தாத்தா இருக்கிறார்.

ஸ்டைலுக்காகக் கேட்கவில்லை. உயிர் பிழைக்க அது உண்மையிலேயே உதவும் என்றால் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு மாட்டிவிடுவேன். உதவுமா?


ஒத்த சிலிண்டர்:

பெரிதாக அடிபடாமல் தப்பித்தீர்களே நண்பா, அதுவே போதும்.

என் பதில், மாட்டுங்கள். பதினான்கு வருடமாக புல்லட் ஓட்டுகிறேன், அதில் பத்து வருடம் சத்தமான பைப்தான். வடபழனியிலிருந்து கத்திப்பாரா வரை 100 அடி ரோட்டில் தினமும் போகிறவன். போனைப் பார்த்துக்கொண்டே மீடியனிலிருந்து காலை இறக்கிய ஒரு ஆள், என் வண்டிச் சத்தம் கேட்டுக் காலைப் பின்னால் இழுத்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒதுங்குகிறார்கள். பழைய சைலன்சரில் இருந்தபோது இது நடந்ததில்லை, அப்போது நான் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. மத்திய அரசு வருடா வருடம் வெளியிடும் சாலை விபத்து அறிக்கையில் 2022-க்கானதை எடுத்துப் பாருங்கள். எந்த மாதிரி மோதல் அதிகம் என்று பார்த்தால் "பின்னாலிருந்து மோதியது" என்ற வகைதான் முதலில் நிற்கிறது. சத்தம் பின்னால்தான் போகிறது என்று சிலர் இங்கே வந்து சொல்வார்கள், நல்லது, ஆபத்தும் பின்னால்தானே வருகிறது.

அதே அறிக்கையில் அந்த ஒரு வருடத்தில் ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டிக்காரர்கள். நம்மைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை நண்பா. நாம் இருக்கிறோம் என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.


பத்துச் சக்கரம்:

நாமக்கல் வண்டி, இருபத்து மூன்று வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். தம்பி கேட்டது லாரி பஸ் ஓட்டுகிறவர்களையும் என்பதால் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபினுக்குள் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பைக் ஓட்டுகிற பசங்களில் பெரும்பாலானவர்கள் ஏறி உட்கார்ந்ததே இல்லை. நான் ஓட்டும் வண்டியில் எஞ்சின் என் இடது முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மேலே ஒரு மூடி, அதன் மேல் ஒரு மெத்தை, அவ்வளவுதான். மேடு ஏறும்போது கிளீனர் பையன் என்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றால் கத்த வேண்டும். டர்போ விசில் அடிக்கும், பிரேக்கை விட்டால் காற்று சீறும், தார்ப்பாய் கயிறு தளர்ந்திருந்தால் படபடவென்று அடித்துக்கொண்டே வரும். இதற்கு நடுவில் பின்னால் அறுபது அடி தள்ளி வரும் பைக்கின் சத்தம் எனக்கு எங்கே கேட்கும்? 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்தாகிவிட்டது. நல்லதுதான், வெயிலில் வெந்து செத்தோம். ஆனால் இனிமேல் கண்ணாடியையும் ஏற்றிவிடுவோம்.

சரி, கேட்கவே கேட்காதா என்றால் கேட்கும். ரொம்பச் சத்தமான வண்டி பக்கத்தில் வந்துவிட்டால் கேட்கும். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாது, அதுதான் பெரிய கொடுமை. ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரும்போது ஒரு நாள் சாயந்திரம் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. வலது கண்ணாடியைப் பார்த்தேன், யாருமில்லை. முந்திப் போய்விட்டான் போலிருக்கிறது என்று இடது பக்கம் ஒதுங்க இண்டிகேட்டர் போட்டுத் திருப்ப ஆரம்பித்தேன், பையன் "அண்ணே லெப்ட்ல, லெப்ட்ல" என்று என் தோளிலேயே அடித்தான். இடது கதவுக்குக் கீழே, படிக்குப் பக்கத்தில், புல்லட்டில் ஒரு பையன். கண்ணாடியிலும் தெரியவில்லை, ஜன்னலிலும் தெரியவில்லை. அவன் சத்தம் எனக்குக் கேட்டது, கேட்டதால்தான் தப்பான கண்ணாடியைப் பார்த்தேன். கேட்காமல் இருந்திருந்தால் வழக்கம்போல இரண்டையும் பார்த்திருப்பேன்.

தம்பி, நீ அன்று நின்றிருந்த இடமும் கிட்டத்தட்ட அதுதான். பஸ்ஸின் இடது பக்கம், ஸ்டாப் வரும் நேரம். என்ன சைலன்சர் மாட்டியிருந்தாலும் அந்த டிரைவர் ஒதுங்கியிருப்பார். பெரிய வண்டிக்கு இடது பக்கத்தில் கூடவே ஓடாதே. முந்துவதானால் வலது பக்கம் வந்து, என் கண்ணாடியில் என் முகம் உனக்குத் தெரிகிறதா என்று பார், தெரிந்தால் லைட்டை ஒரு தடவை அடி, சின்னதாக இரண்டு ஹாரன், சட்டென்று தாண்டிப் போய்விடு. முடியாவிட்டால் பின்னாலேயே இரு. பக்கத்தில் மட்டும் தங்காதே.

மேலே எழுதிய நண்பர் பின்னாலிருந்து மோதிய கணக்கைச் சொன்னார். அந்தக் கணக்கில், ரோட்டோரம் லைட் இல்லாமல் நிற்கும் லாரியில் பைக் போய் மோதினாலும் அதுவும் பின்னாலிருந்து மோதியதுதான். அதில் எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மண் பிடித்துக் கிடக்கும், துடைக்க மாட்டார்கள். நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு உன் சைலன்சர் கேட்டு என்ன ஆகப் போகிறது?


டெசிபல்:

வண்டிகளின் சத்தத்தை அளப்பதுதான் என் வேலை, எட்டு வருடமாக. பத்துச் சக்கரம் அண்ணன் அனுபவத்தில் சொன்னதைக் கணக்கிலும் பார்க்கலாம்.

நம் நாட்டில் 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு வரம்பு 80 டெசிபல். 80 முதல் 175 சிசி வரை 77, அதற்குக் கீழே 75. இது வண்டி முழு ஆக்ஸிலரேஷனில் தாண்டிப் போகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. உங்கள் ஸ்டாக் சைலன்சர், அதாவது கம்பெனியிலிருந்து வந்தது, இதற்குள் இருக்கிறது. உள்ளே இருக்கும் தடுப்பையும் கண்ணாடிப் பஞ்சையும் எடுத்துவிட்ட ஒரு பைப் அதே தூரத்தில் 95 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், அது காது கூசும் சத்தம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். 15 மீட்டரில் 89, 30 மீட்டரில் 83. இப்போது கண்ணாடி ஏற்றிய காருக்குள் போகவேண்டும், அங்கே இன்னொரு 20, 25 போய்விடும். மிச்சம் அறுபது சொச்சம். 60 கிமீ வேகத்தில் ஓடும் காருக்குள் டயர் சத்தமும் ஏசியும் பாட்டும் சேர்ந்து ஏற்கெனவே அவ்வளவு இருக்கும். அதோடு கலந்துவிடும். நிற்கும் காரை நோக்கி பைக் 60-ல் வந்தால் அந்த 30 மீட்டரைக் கடக்க இரண்டு நொடிகூட ஆகாது.

இதெல்லாம் பக்கவாட்டில் மைக் வைத்து அளந்த கணக்கு, பைப் வாய் பின்னால் பார்த்து இருக்கிறது. முன்னால் இருப்பவருக்கு இன்னும் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நண்பனும் நானும் இதைச் செய்தே பார்த்தோம், ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டி ஆள் நடமாட்டமில்லாத இடத்தில். நான் காரில் கண்ணாடி ஏற்றி, ஏசி இரண்டில், பாட்டு மெதுவாக. அவன் டிபி கில்லர் (சத்தத்தைக் குறைக்கப் பைப்புக்குள் இருக்கும் தடுப்பு) கழற்றிய பைக்கில் பின்னாலிருந்து வந்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவுடன் கை தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் கை தூக்கியபோது அவன் பின் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். எதிரிலிருந்து வரச் சொன்னேன், என்னைத் தாண்டின பிறகுதான் அந்த இடி காதில் விழுந்தது. ஆராய்ச்சி என்று இதைச் சொல்லவில்லை, ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

எந்தப் பக்கம் என்று தெரியாதது லாரி டிரைவரின் குறையில்லை. கரகரப்பான தாழ்ந்த ஒலி மூலைகளைச் சுற்றி வளைந்து வந்துவிடும், மூடிய கேபினுக்குள் வந்ததும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல இருக்கும். காது திசையைப் பிடிக்க உயர்ந்த ஒலிகளும் வேண்டும், கண்ணாடி அவற்றைத்தான் முதலில் தடுக்கிறது.

விபத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்றுவரை பைக் உலகில் எடுத்துக்காட்டுவது 1981-ல் வந்த ஹர்ட் அறிக்கை. ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள், அதுபோக 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்தார்கள். வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. ஆபத்து வந்த திசை நான்கில் மூன்று பங்குக்கு மேல் நேர் எதிரே, கடிகாரமாக நினைத்தால் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில். தப்பிக்கக் கிடைத்த நேரம் 2 நொடிக்கும் குறைவு. அந்த இரண்டு நொடியில் பெரும்பாலானவர்கள் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் உறைத்த வரி இதுதான்.


ஒத்த சிலிண்டர்:

அமெரிக்காவில் நாற்பது வருடத்துக்கு முன்னால் எடுத்த கணக்கு நம் 100 அடி ரோட்டுக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே மாடு குறுக்கே வருமா, ராங் சைடில் ஆட்டோ வருமா? கார்க்காரனுக்குக் கேட்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன், லாரி அண்ணன் சொன்னது எனக்கும் புதிது. ஆனால் நடந்து போகிறவனுக்கும் ஆட்டோக்காரனுக்கும் ஏற்றிவிடக் கண்ணாடி கிடையாது, அவனுக்குக் கேட்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, சத்தம் பயனில்லை என்றால் ஹாரனும் பயனில்லைதானே?


டெசிபல்:

நடந்து போகிறவருக்குக் கேட்கும் என்பது சரிதான், அதை மறுக்கவில்லை. எவ்வளவு சத்தம் போதும் என்பதுதான் கேள்வி. மின்சாரக் கார்கள் சத்தமில்லாமல் வந்து ஆட்களை மோதிவிடக் கூடாது என்று ஐரோப்பாவில் 2019-லிருந்து புது மாடல்களுக்குச் செயற்கை ஒலி கட்டாயமாக்கினார்கள். 20 கிமீ வேகத்தில் அவர்கள் கேட்ட குறைந்தபட்ச ஒலி 56 டெசிபல், மேல் வரம்பு 75. பார்வையில்லாதவர்களையும் மனதில் வைத்துப் போட்ட அளவு அது. நம் புல்லட் ஸ்டாக் சைலன்சரோடு மெதுவாகப் போனாலே அதைத் தாண்டிவிடும். உங்கள் வண்டிச் சத்தத்துக்குக் காலை இழுத்த அந்த ஆள் ஸ்டாக் சைலன்சருக்கும் இழுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், அப்போது நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஹாரன் வேறு. அது முன்னால் பார்த்து இருக்கிறது, காது கூர்மையாகக் கேட்கும் உயர்ந்த ஒலியில் அடிக்கிறது, தேவைப்படும் நொடியில் மட்டும் அடிக்கிறது. எப்போதும் வரும் சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும், திடீரென்று வருவதைத்தான் பிடிக்கும்.

அப்புறம் உங்கள் காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம்தான். பதினான்கு வருடம் ஓட்டியிருக்கிறீர்கள், ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் நண்பா, அக்கறையில் சொல்கிறேன். எங்கள் லேபில் பைக் ஓட்டும் இரண்டு பேருக்கு இடது காதில் கொய்யென்று ஒரு சத்தம் நிற்பதே இல்லை.


மீனாட்சி வீதி:

நான் புல்லட் ஓட்டுவதில்லை, ஸ்கூட்டர்தான், மதுரை. படித்துக்கொண்டே வந்தேன், ஒருவரும் எங்களைப் பற்றிச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்னால் மகளைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தேன், அவள் பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மடியில் லஞ்ச் பை. சிம்மக்கல் பக்கம் சிக்னல் விழுந்து எல்லோரும் கிளம்பும்போது எனக்கு நேர் பின்னால் டமால் என்று ஒரு வெடி. சைலன்சரில் சாவியை அணைத்துப் போட்டு வெடிக்க வைப்பார்களே, அது. டயர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். கை தன்னால் பிரேக்கைப் பிடித்தது, ஹேண்டில் இடது பக்கம் ஆடியது, பக்கத்தில் வந்த தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டு நின்றோம். வாழைப்பழத் தார் ஒன்று மேலே சரிந்தது. மகள் கீழே விழவில்லை, ஆனால் அன்று முழுக்கப் பள்ளியில் யாரிடமும் பேசவில்லை என்று டீச்சர் சொன்னார்கள். இப்போதும் பின்னால் புல்லட் சத்தம் கேட்டால் என் இடுப்பில் அவள் பிடி இறுகுவது தெரிகிறது.

உங்கள் பாதுகாப்புக்காக நீங்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் போகிறவர்கள் என்ன ஆகிறோம் என்று யோசியுங்கள் தம்பி. காருக்குள் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள், முழுதும் கேட்பது எங்களுக்குத்தான். ஸ்கூட்டர், சைக்கிள், நடந்து போகிறவர்கள். எதிர் வீட்டுத் தாத்தாவை நினைத்துக் கை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததால்தான் இதை எழுதத் தோன்றியது.


நாற்பது வளைவு:

நமக்கு வால்பாறை. ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு, வாரத்தில் மூன்று நாள் ஏறி இறங்குகிறேன். மலைப்பாதையில் சத்தமான வண்டி பாதுகாப்பு என்று சனி ஞாயிறு கூட்டமாக வருகிறவர்கள் சொல்வதை டீக்கடையில் அடிக்கடி கேட்பேன், வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்குக் கேட்குமாம். கேட்கும், எதிர்மலையில் மோதித் திரும்பி மூன்று வண்டி வருவது மாதிரி கேட்கும், மேலே இருந்தா கீழே இருந்தா என்று கண்டுபிடிக்க முடியாது.

இங்கே உயிர் பிழைப்பது நாம் கேட்பதில்தான். அரசு பஸ் டிரைவர்கள் வளைவுக்கு முன்னால் ஒரு நீண்ட ஹாரன் கொடுப்பார்கள், பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்ப முடியும், அந்த ஹாரன் கேட்டால் நாம் வளைவுக்கு முன்னாலேயே ஓரத்தில் நின்றுவிட வேண்டும். உங்கள் காலுக்குக் கீழேயே ஒருவன் முரசடித்துக்கொண்டு வந்தால் அந்த ஹாரன் எப்படிக் கேட்கும்? போன மழைக்காலத்தில் அட்டகட்டி தாண்டி மூடுபனி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு நின்றேன். மேலே மூங்கில் முறிகிற சத்தம், பட் பட் என்று, நிதானமாக. கால் மணி நேரம் நின்றேன். பனி கொஞ்சம் விலகியபோது ரோட்டின் மேலேயே ஒரு தாயும் குட்டியும், எனக்கும் அதற்கும் ஒரு பஸ் நீளம்தான் இருக்கும். என் வண்டி கத்திக்கொண்டே போயிருந்தால் நான் அந்த மூங்கில் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டேன்.

ஹெல்மெட்டுக்குள் சின்ன இயர்ப்ளக் வைத்துக்கொள்வது வேறு விஷயம், காற்று இரைச்சல் குறைந்து ஹாரன் இன்னும் தெளிவாகக் கேட்கும், நீண்ட தூரம் போகிறவர்கள் பழகிக்கொள்ளலாம்.


கருப்பு கிரீஸ்:

கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். சட்டத்தை யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், ஒலி வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதோடு லைசென்ஸ் மூன்று மாதம் போகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இப்படி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்ற விதியும் 2000-லிருந்து இருக்கிறது. பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த வண்டியில் சைலன்சரை மாற்றினால் பல மாடல்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்டரும் போய்விடும், அப்புறம் மீட்டரில் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்டார்ட்டிங் டிரபிள், மைலேஜ் இல்லை என்று எங்களிடமே வருவார்கள். மாதத்தில் நாலைந்து வண்டி வருகிறது.

தம்பி, அந்த மூவாயிரம் நாலாயிரத்துக்கு என்ன செய்யலாம் என்று கேள். நல்ல இரட்டை ஹாரன் ஒரு செட், ரிலேயோடு (சின்ன கரண்டில் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்). முன் பிரேக் பேட், பின் டயர் பார்த்துக்கொள். ஹெல்மெட் ஒருமுறை தரையில் அடிபட்டாகிவிட்டது இல்லையா, கீறல் சின்னதாக இருந்தாலும் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கலாம், முதலில் அதை மாற்று. எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான்.


ஒத்த சிலிண்டர்:

மதுரை அக்கா, நான் வெடிக்க வைக்கிற ஆள் இல்லை, அப்படிச் செய்கிறவர்களை எனக்கும் பிடிக்காது. ஆனாலும் உங்கள் மகள் பிடி இறுகுகிறது என்று எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கும் ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.

நடந்து போகிறவர்கள் விஷயத்தில் நான் பார்த்தது பார்த்ததுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் டிபி கில்லர் பட்டறையில் எங்கோ கிடக்கிறது, இந்த வாரம் தேடி எடுத்துத் திரும்ப மாட்டி ஒரு மாதம் அதே ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறேன். ஆட்கள் ஒதுங்குகிறார்களா இல்லையா என்று எண்ணிக்கொண்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.


படப்பை ரோடு:

எல்லோருக்கும் நன்றி. பத்துச் சக்கரம் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாள் ஷிப்ட் முடிந்து அதே கம்பெனி பஸ்ஸில் டிரைவரிடம் சொல்லிவிட்டு சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், பஸ் நின்றிருந்தபோதுதான். என்னோடு வேலை செய்கிற பையனை என் வண்டியில் நான் அன்று இருந்த இடத்தில் நிற்கச் சொன்னேன். கண்ணாடியில் அவன் இல்லை. ஹெல்மெட் நுனிகூடத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகச் சொன்னேன், பஸ்ஸின் வாலைத் தாண்டிய பிறகுதான் ஹெட்லைட் தெரிந்தது. அந்த டிரைவர் மேல் எனக்கு இத்தனை நாளாக இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நான் நின்ற இடம் அப்படி.

சைலன்சரைப் புதுப்பேட்டையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஐநூறு பிடித்துக்கொண்டு மிச்சம் தந்தார்கள். புது ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனையில் முன் பிரேக் பிடித்துப் பழகினேன், 40-ல் இருந்து ஆரம்பித்தேன். என் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறது, மூன்று வருடத்தில் முதல் தடவையாக லிவரில் அது தட்டுவதை விரலில் உணர்ந்தேன். இத்தனை நாள் அந்தப் பிரேக்கை நான் பாதிதான் பிடித்திருக்கிறேன்.

கருப்பு கிரீஸ் அண்ணா, இரட்டை ஹாரன் வாங்கிவிட்டேன். ரிலேக்கு பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுக்க வேண்டுமா, இல்லை பழைய ஹாரன் வயரிலேயே கொடுத்தால் போதுமா? ஃப்யூஸ் எத்தனை ஆம்ப் போடுவது?


கருப்பு கிரீஸ்:

பேட்டரியிலிருந்து நேராக எடு, பழைய ஹாரன் வயரை ரிலேயை இயக்க மட்டும் வைத்துக்கொள். ஹாரன் பெட்டியில் எத்தனை ஆம்ப் என்று போட்டிருக்கும், இரண்டையும் கூட்டி அதைவிடக் கொஞ்சம் மேலே உள்ள ஃப்யூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடு. ரிலேயைத் தண்ணீர் படாத இடத்தில், டேங்குக்கு அடியில் கட்டு. ஹாரன் வாய் கீழே பார்த்து இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தொண்டை கட்டிவிடும்.